காவிரியின் கூன்முதுகுக் கெண்டை

பெங்களூரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் குழாயைத் திறந்தால் பெரும்பாலும் வருவது காவிரி நீரே. சிவனசமுத்திரத்தை அடுத்த பகுதியிலிருந்து தொரெக்காடனஹள்ளி வழியாக, ஏறத்தாழ 100 கிலோமீட்டர்த் தொலைவு இறைக்கப்பட்டு, 1974 முதல் அந்நீர் நகரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. தஞ்சைக் கழனிகளில் காவிரியைக் கண்டவர்கள் அதனைச் சாந்தமான ஆறென்றே எண்ணுவர். சிவனசமுத்திரத்துக்கும் மேகதாட்டுக்கும் இடையே அது வேறோர் ஆறு. காடு இருபுறமும் நெருங்க, பாறைகளின் நடுவே சுழித்தோடி, ஆங்காங்கே ஆழ்ந்த மடுக்களில் தேங்கி நிற்கும். அம்மடுக்களில் வாழ்ந்த ஒரு மீனைப் பற்றியே இன்று கூற விரும்புகிறேன்.

அதனை மகசீர் என்பர். நமது குளத்துக் கெண்டைக்கு உறவினந்தான், உருவத்திலோ ஒப்பில்லை. தலைக்குப் பின்னே திமில் போல் உயர்ந்த முதுகும், செம்மஞ்சள் நிறத் துடுப்புகளும், உள்ளங்கை அளவுக்கு வளரும் செதில்களும் கொண்டது. வாயில் பல் கிடையாது. தொண்டையில் உள்ள பற்களால் நத்தையையும் நண்டையும் நொறுக்கிவிடும். 1946-ஆம் ஆண்டில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் தூண்டிலிட்டுப் பிடித்த மீன் 120 பவுண்டு எடை இருந்தது. ஒரு வளர்ந்த மனிதனின் எடைக்கு அது அதிகம் குறைந்ததன்று!

இம்மீனைப் பிடிக்கப் பருவம் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் ஆறு கலங்கிப் பெருகும்போது மீன்கள் முட்டையிடுவதற்காக எதிரோட்டத்தில் மேலேறும். தூண்டிலுக்கு அது காலமன்று. மழை ஓய்ந்து, மார்கழி தை மாதங்களில் நீர் தெளிந்து வடியத் தொடங்கியதும், பெருமீன்கள் மடுக்களையும் பாறை ஓட்டங்களையும் நாடி ஒதுங்கும். பங்குனி வரை நல்ல காலம். கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டையே சிறந்த இரையாகக் கருதப்பட்டது. பரிசலில் சென்று, பாறைமேல் அமர்ந்து, பல மணி நேரம் காத்திருப்பர். தூண்டிலைக் கவ்விய மீன் நீரோட்டத்தோடு பாய்ந்தால், பரிசலும் அதன் பின்னே ஓட வேண்டியதுதான்.

பீமேசுவரி, கலிபோரே முதலிய இடங்களில் இதற்கென்றே முகாம்கள் இருந்தன. வெளிநாட்டவரும் வந்தனர். பிடித்த மீனை எடைபோட்டுக் குறித்துக்கொண்டு மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவது அங்கே விதி. முன்னர் வெடி வைத்து மீன் கொன்றவர்களிற் சிலர் இம்முகாம்களில் வழிகாட்டிகளாகி, வெடி வைப்போரைத் தடுக்கும் காவலர்களாகவும் ஆனார்கள். வேட்டைக்காரர் காவலரானதை யான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆயினும் வேறொரு பக்கத்தில் பிழை நேர்ந்தது. மீன் குறைகிறது என்ற கவலையால், 1970-களிலிருந்து குஞ்சுகள் ஆற்றில் விடப்பட்டன. அவை மராட்டிய நாட்டு லோணாவளாப் பொரிப்பகத்தில் வளர்ந்தவை. நீலத் துடுப்புடைய வேறொரு மகசீர். அதன் தாயகம் கிருஷ்ணை ஆற்றுப் படுகை. மகசீர் எல்லாம் ஒன்றே என்று அன்று கருதிவிட்டனர். வந்த இனம் பெருகிற்று. இருந்த இனம் அருகிற்று.

இதனை வெளிப்படுத்தியவை தூண்டிற்காரர்களின் குறிப்பேடுகளே. 1998 முதல் 2012 வரை கலிபோரேயில் பிடித்துவிடப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கை ஆய்வாளர்கள் 2015-இல் ஆராய்ந்தனர். மொத்தத்தில் மீன் மிகுந்திருந்தது. கூன்முதுகு மீனோ ஆண்டுக்காண்டு மறைந்துகொண்டே வந்தது. வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டிலிடுதல் சட்டப்படி நிறுத்தப்பட்டபின் அந்தக் கணக்கும் நின்றுவிட்டது. பெருமீன் மறைந்ததற்கு அணைகளும், நீரெடுப்பும், வெடியுங்கூடக் காரணங்களே.

மற்றொரு வேடிக்கை: உலகெங்கும் பேசப்பட்ட இம்மீனுக்கு முறையான அறிவியற் பெயரே தெரியாதிருந்தது. பெயரில்லா உயிரை அழியும் உயிர்களின் பட்டியலில் எவ்வாறு சேர்ப்பது? தமிழ்நாட்டின் மோயாற்றில் கிடைத்த சில மீன்களை ஆராய்ந்தபோது, கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி' என்ற இனமே இது என்று 2018-இல் தெளிவாயிற்று. பாம்பாறு நம் அமராவதியில் கலப்பது. அதுவும் காவிரிக் குடும்பமே. அதே ஆண்டில் அம்மீன் மிகவும் அருகிய இனமாகப் பன்னாட்டுப் பட்டியலில் ஏறிற்று.

பீமேசுவரிக்குச் செல்லும் அன்பர்கள் தெளிந்த மடுவொன்றில் பெரிய மீனைக் காண நேர்ந்தால், துடுப்பை உற்று நோக்குக. நீலம் படர்ந்திருந்தால் அது வந்தேறிய இனம். முதுகு திமிலாக உயர்ந்து, துடுப்பு செம்மஞ்சளாக இருந்தால், அது காவிரியின் சொந்த மீன்.