அசையாத காலும் அசைக்க நினைக்கும் மூளையும்

பாலாவியில் எங்கள் தெருவில் ஒரு சகோதரர் இருக்கிறார். தேங்காய் பறிக்க மரமேறிய இடத்தில் விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனவர். நோய் விசாரிக்கப் போயிருந்தபோது, “காலை அசைக்கப் பாக்கிறன் மௌலவி. மண்டைக்குள்ள அசையிற மாதிரித்தான் இருக்குது. எனக்குப் பைத்தியமா?” என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அது பைத்தியமல்ல. முள்ளந்தண்டு முறிந்தாலும் கட்டளை பிறக்கும் இடம் மூளையே. பாதைதான் அறுந்திருக்கிறது. 1996இல் பாரிசவாதத்தால் பேச்சும் கைகால் அசைவும் இழந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி, 2011இல் தன் எண்ணத்தாலேயே ஓர் இயந்திரக் கையை இயக்கி, போத்தலை வாயருகே கொண்டுவந்து கோப்பி குடித்தார். அவரது மூளையில் குளிசை அளவுள்ள ஒரு சிறு மின்வாய்த் தகடு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிக்கப்பட்டிருந்தது. கையை அசைக்க அவர் முயலும்போது எழும் சமிக்ஞைகளைக் கணனி வாசித்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அசையாத கைக்கு மூளை இன்னும் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தது!

ஆனால் இதில் ஒரு தொல்லை இருந்தது. இன்று கணனி புரிந்துகொண்ட சமிக்ஞை நாளை சற்று மாறிவிடும். இத்தகைய கருவிகள் ஓரிரு நாட்களில் தடுமாற, மீண்டும் மீண்டும் பழக்க வேண்டியிருந்தது.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கருணேஷ் கங்குலி, நிகிலேஷ் நட்ராஜ் ஆகியோரின் குழு இதை ஆராய்ந்து 2025இல் முடிவை வெளியிட்டது. பாரிசவாதத்தால் பேசவும் அசையவும் இயலாத ஒருவரின் மூளையின் மேற்பரப்பில் உணரிகளைப் பொருத்தி, கை, கால், தலையை அசைப்பதாக எண்ணச் சொன்னார்கள். ஒவ்வோர் அசைவுக்குமான சமிக்ஞையின் வடிவம் மாறவில்லை. அது தோன்றும் இடம் மட்டும் நாளுக்கு நாள் சற்று நகர்ந்தது.

களப்பில் இரவில் வலை போடுவோருக்கு இது எளிதில் விளங்கும். ஆறாமீன் கூட்டம் மாதத்துக்கு மாதம் அதே நேரத்தில் வேறோர் இடத்தில் நிற்கும். கூட்டத்தின் அமைப்பு மாறாததால் அதைத் தவறவிட மாட்டோம். அந்த நகர்வையும் கணக்கில் எடுக்கக் கணனிக்குக் கற்பித்தார்கள். அவர் ஏழு மாதங்கள் இயந்திரக் கையை இயக்கினார். அலுமாரியைத் திறந்து கோப்பையை எடுத்துத் தண்ணீர் வரும் இடத்தில் பிடித்தார். பல மாதங்கள் கழித்தும் 15 நிமிடச் சீரமைப்பே போதுமாயிருந்தது.

இதைப் படித்தபோது மதரஸாப் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. தலையாலும் சைகை செய்ய இயலாதவர் கண்ணிமையாலும், அதுவும் முடியாவிட்டால் தொழுகையின் செயல்களை உள்ளத்தில் நடத்தியும் தொழ வேண்டும் என்கின்றன நமது ஷாபிஈ நூல்கள். “உள்ளத்தில் ருகூஉ செய்வது எப்படி, ஹஸ்ரத்?” என்று மாணவர்கள் சிரிப்பார்கள். இனிச் சிரித்தால் இந்த நோயாளியைப் பற்றிச் சொல்லலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இது இன்னும் ஆய்வுதான். மண்டையோட்டைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை வேண்டும். அறுந்த முள்ளந்தண்டை இது ஒட்டவைப்பதுமில்லை. நம் நோயாளிகளுக்கு இன்று பயன் தருவது வைத்தியர் சொல்லும் உடற்பயிற்சியும், படுக்கைப் புண் வராமல் நேரத்துக்குப் புரட்டிவிடும் வீட்டாரின் கைகளுமே.

சென்ற வாரம் அந்தச் சகோதரரிடம் இவற்றைச் சொன்னேன். “அப்ப எனக்குப் பைத்தியமில்ல” என்றார். பிறகு தேநீர் ஆறும்வரை தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.