இணையதளத்துக்கு மதிப்பெண் போடுவது யார்?

நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் நடனப் பள்ளியோ டியூஷனோ கேட்டரிங்கோ நடத்தி, அதற்கென இணையதளமும் வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட மின்னஞ்சல்கள் வரும்: ‘உங்கள் டொமைன் அத்தாரிட்டி குறைவு. எங்களிடம் பேக்லிங்க் வாங்குங்கள்.’ பணம் கட்டுமுன் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது.

ஒரு தளம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பை, அதாவது பேக்லிங்க்கை, பரிந்துரையாகக் கொள்ளலாம் என்ற யோசனைக்கு நியூஜெர்சியிலும் வேர் உண்டு. டவ் ஜோன்ஸ் குழுமத்தின் ஐடிடி நிறுவனத்தில் இங்கே வேலை பார்த்த ராபின் லீ, 1996-ல் இணைப்புகளைக் கொண்டு பக்கங்களை வரிசைப்படுத்தும் ராங்க்டெக்ஸை உருவாக்கினார். 2000-ல் சீனாவில் பைடுவைத் தொடங்கியவர் இவர்தான்.

ஸ்டான்ஃபோர்டில், கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல் வெளியிட்ட பேஜ்ரேங்க், பரிந்துரைப்பவரின் தகுதியையும் கணக்கில் சேர்த்தது. ஒரு பக்கத்தின் மதிப்பு, அது சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கு போகும். ஐந்து இணைப்புள்ள பக்கம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஆயிரம் இருந்தால் ஆயிரத்தில் ஒன்று. அதையும் 0.85 ஆல் பெருக்க வேண்டும். யாரும் சுட்டாத ஒரு பக்கம், ஆயிரம் பேருக்கு இணைப்பை விற்றால் உங்கள் பங்குக்கு என்ன தேறும்?

விலைக்கு வாங்கிய இணைப்பும் சில காலம் பலிப்பதுண்டு. டெக்சஸின் பிளேனோவில் தலைமையகம் கொண்டிருந்த ஜேசி பென்னி, துணிமணி முதல் வீட்டுச் சாமான் வரை பல தேடல்களில் மாதக்கணக்கில் முதலிடத்தில் நின்றது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் இருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்ற நிறுவனம், தேடல் ஆலோசகரை நீக்கியது. கூகுள் கைவைத்ததும், வரவேற்பறை மரச்சாமான்களுக்கான தேடலில் முதலிடத்திலிருந்து 68-ஆம் இடத்துக்குப் போனது. இரண்டே மணி நேரத்தில்!

டொமைன் அத்தாரிட்டி என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனத்தின் மதிப்பீடு. ஏரெஃப்ஸ் தருவது டொமைன் ரேட்டிங். இரண்டுமே நூறுக்குப் போடும் மதிப்பெண்கள். கூகுள் போடுபவை அல்ல. கூகுள் தன் பேஜ்ரேங்க் எண்ணை வெளியே காட்டுவதை 2016-லேயே நிறுத்திவிட்டது. போட்டியாளர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்த மதிப்பெண்கள் உதவும். அதைத் தாண்டி இவற்றுக்காகக் கவலைப்படத் தேவையில்லை.

விலைக்கு வாங்காமலும் இணைப்பு பெறலாம். பிளெய்ன்ஸ்பரோ பொது நூலகத்தில் உங்கள் நடனப் பள்ளி மாணவர்கள் ஆடினால், நிகழ்ச்சிப் பக்கத்தில் பள்ளியின் இணைப்பைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். உள்ளூர்ப் பத்திரிகையிடமும் தமிழ்ப் பள்ளியிடமும் கேட்கலாம். காசு கொடுத்து வைத்த விளம்பர இணைப்பென்றால், ‘ஸ்பான்சர்டு’ அல்லது ‘நோஃபாலோ’ என்ற குறியீடு அதில் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. உங்களை யார் சுட்டுகிறார்கள் என்பதை கூகுள் சர்ச் கன்சோலின் ‘லிங்க்ஸ்’ பகுதி இலவசமாகவே காட்டும்.