விடுதலைக்கு விதித்த விலை

கரும்பிலும் காப்பியிலும் பிரெஞ்சு முதலாளிகளுக்குக் கோடிகோடியாய்ச் செல்வம் விளைவித்துத் தந்த ஹெயிட்டியின் அடிமைகள், நெப்போலியன் அனுப்பிய சேனையையே முறியடித்து, 1804 ஜனவரி முதல் நாள் தம்மைச் சுதந்திரப் பிரஜைகளாகப் பிரகடனம் செய்தார்கள்.

ஆனால் 1825-இல், பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லஸின் யுத்தக் கப்பல்கள் பீரங்கிகளோடு வந்து நின்று, இழந்த தோட்டங்களுக்கும், மனிதரென்றே எண்ணப்படாத அடிமைகளுக்கும் சேர்த்து 15 கோடி பிராங்க் நஷ்டஈடு தந்தாலன்றி அந்தச் சுதந்திரத்தை அங்கீகரிப்பதற்கில்லை என்று பயமுறுத்தின. சவுக்கடி பட்டவனே சவுக்குக்காரனுக்கு ஈடு செலுத்துவது எந்தத் தர்மத்தைச் சேர்ந்தது?

ஹெயிட்டி இதற்கு இணங்கி, முதல் தவணைக்காகப் பாரிஸில் வாங்கிய 3 கோடி பிராங்க் கடனில், கடன் தந்தவர்கள் 60 லட்சத்தைத் தரகாகவே பிடித்துக்கொண்டு, மீதியைத்தான் கொடுத்தார்கள். 1838-இல் பிரான்ஸ் மொத்த நஷ்டஈட்டை 9 கோடியாகக் குறைத்ததெனினும், கடனுக்கு மேல் கடனும் வட்டிக்கு மேல் வட்டியுமாக, பாடசாலைகளுக்கும் பாதைகளுக்கும் ஆகவேண்டிய காப்பி வரியில் பெரும்பங்கு அந்நியர் பெட்டிக்கே போயிற்று. இந்த நஷ்டஈடு தொடர்பான பாக்கி முழுதும் தீர்ந்தது 1947-இல்.

இன்றைய ஹெயிட்டியின் வறுமைக்கு உள்நாட்டுக் கொடுங்கோலரும் பொறுப்பாளிகளே. ஆயினும், அநியாயமாய் வாங்கிய அப்பணத்தைப் பிரான்ஸ் திருப்பித் தருவதே நியாயம்.