உஷார்! பாட்டிலில் வளர்ந்த மரவள்ளிக்கும் தேமல் வரும்

‘டிஷ்யூ கல்ச்சர் மரவள்ளி நாற்று, தேமலே வராது’ என்று யாராவது சொன்னால், மடியிலுள்ள பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். திசு வளர்ப்பு முறையாக நடந்தால் நாற்று தேமல் வைரஸ் இல்லாமல் வரும். அந்த வைரஸ் பிறகும் அண்டாது என்று யாராலும் உறுதி தர முடியாது.

முதலில் ‘முறையாக’ என்றால் என்ன? தாய்ச்செடியைச் சில வாரம் ஏறக்குறைய 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, வளர்நுனியிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்கை நுண்ணோக்கியின் கீழ் வெட்டி எடுக்க வேண்டும். வைரஸ் எட்டாமல் இருக்க வாய்ப்புள்ள இடம் அதுதான். அதிலிருந்து வரும் செடியைப் பிசிஆர் சோதனை செய்து, வைரஸ் இல்லை என்று தெரிந்த பிறகே பெருக்க வேண்டும். மெனக்கெடும் வேலை, செலவும் அதிகம். தண்டின் கணுவை வெட்டிப் பாட்டிலில் போடுவதோ சுலபம். ஆனால் கணுவில் வைரஸ் இருந்தால் பாட்டிலுக்குப் பாட்டில் அதுவும் சேர்ந்தே பெருகும். பூஞ்சணம் பிடித்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வைரஸ் அப்படித் தெரியாது. ‘தாய்ச்செடி பச்சைப்பசேலென்று இருந்தது’ என்ற சமாதானமும் செல்லாது. கோடைச் சூட்டில் தேமல் மங்கிப்போய், நோயுள்ள செடியே நல்ல செடிபோல நிற்கும்.

ஆகவே வளர்நுனியா, கணுவா என்று கேளுங்கள். வைரஸ் சோதனை அறிக்கையைக் கையில் வாங்கிப் பாருங்கள். இழுத்தடித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சுத்தமான நாற்றே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். தேமல் எளிதில் தாக்கும் எச்-226 ரகம் பாட்டிலில் வளர்ந்தாலும் எச்-226தான். பக்கத்துக் காட்டில் தேமல் இருந்தால் வெள்ளை ஈ கொண்டுவந்து சேர்த்துவிடும். நோயைத் தாங்கும் குணம் ரகத்தில் இருக்க வேண்டும். திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ பத்மநாபா, ஸ்ரீ ரக்‌ஷா அப்படிப்பட்டவை. சேலம், நாமக்கல் விவசாயிகள் சேகோ ஆலையில் கிடைக்கும் மாவுச்சத்து பாயிண்டைப் பார்த்துத்தான் ரகம் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நியாயமும்கூட. ஆனால் ஆபத்தையும் தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

தேமல் நம்மூர்க் கவலை மட்டுமல்ல. 2015ல் கம்போடியாவில் கண்டறியப்பட்ட இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ், சில ஆண்டுகளுக்குள் வியட்நாம், தாய்லாந்துக்கும் போய்விட்டது. எல்லை தாண்டிப் போன கரணைக்கட்டுகளுக்கும் அதில் பங்குண்டு. அதே வைரஸ் தமிழ்நாட்டிலும் இருக்கிறது.

இன்னொன்று: பாட்டிலிலிருந்து எடுத்த செடியை நேரே வெயிலில் நடாதீர்கள். அதன் இலையில் மெழுகுப்பூச்சு சரியாக இருக்காது, ஒரே பகலில் துவண்டுவிடும். குழித்தட்டில், நிழல்வலைக்குள், ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்துச் சில வாரம் பழக்க வேண்டும். அந்த நாட்களில் இலைகளைத் தினமும் பாருங்கள். வலைக்குள் வெள்ளை ஈ புகாமல் இருந்தும் தேமல் தெரிந்தால், நாற்றோடு வந்த நோய் அது. காட்டில் நட்ட பிறகு அடி இலைகள் சுத்தமாக இருந்து மேலே வரும் இலைகளில் மட்டும் தேமல் தெரிந்தால், பெரும்பாலும் வெள்ளை ஈயின் வேலை. முன்னதற்கு நாற்று விற்றவரைக் கேட்கலாம். பின்னதற்கு அக்கம்பக்கத்துக் காடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முழுக் காட்டுக்கும் நாற்று வாங்கிக் கடன்படாதீர்கள். மற்ற மரவள்ளிக் காடுகளிலிருந்து தள்ளி ஒரு சிறு தாய்ப்பாத்தி போட்டு, தேமல் தெரிந்த செடியை அன்றே பிடுங்கி எரித்து, மிச்சத்திலிருந்து கரணை எடுங்கள். கிழங்கு நன்றாக இருக்கிறதே என்று அந்தச் செடியை விட்டுவைத்தால், அடுத்த ஆண்டுக் கரணையோடு தேமலும் வந்து சேரும்.