குறைவது எது? கிடைப்பது எவ்வளவு?

11ஆம் வகுப்பு வேதியியலில் நம் பிள்ளைகளை மிரட்டும் சொற்கள் இரண்டு. ஒன்று ‘லிமிட்டிங் ரியேஜென்ட்’, மற்றொன்று ‘பெர்சன்டேஜ் யீல்டு’. தமிழில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, விளைச்சல் சதவீதம் என்பார்கள். கோந்த்வாவில் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் தமிழில் விளக்க விரும்பும் பெற்றோருக்காக இக்கட்டுரை.

கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை எடுத்துக்கொள்வோம். பைக்கு ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம். கையில் 60 தேங்காயும் 100 பழமும் உள்ளன. எத்தனை பை போடலாம்? ஐம்பதுதான். எண்ணிக்கையில் பழமே அதிகம். ஆனாலும் முதலில் தீர்வது பழம்தான். பத்துத் தேங்காய் மீந்துவிடும். இங்கே பழம்தான் கட்டுப்பாட்டுக் காரணி. பத்துப் பழம் நசுங்கிப் போய் 45 பைதான் தேறியது என்றால், விளைச்சல் 90 சதவீதம். கணக்கு இவ்வளவுதான்.

வேதியியலில் பொருள்களை எண்ண முடியாது, எடை போடத்தான் முடியும். எடையை எண்ணிக்கையாக மாற்றித் தருவதே ‘மோல்’. பொருளின் எடையை அதன் மோலார் நிறையால் வகுத்தால் மோல் எண்ணிக்கை கிடைக்கும்.

பள்ளி ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றைப் பார்ப்போம். மயில்துத்தப் படிகம் (காப்பர் சல்பேட்) 5 கிராம் எடுத்து வெந்நீரில் கரைத்து, 1.4 கிராம் இரும்புத் தூளைச் சேர்க்கிறார்கள். இரும்பு கரைசலுக்குள் போக, செம்பு வெளியே வருகிறது. ஒரு மோல் மயில்துத்தத்துக்கு ஒரு மோல் இரும்பு தேவை.

மயில்துத்தம்: 5 ÷ 249.5 = 0.02 மோல்.
இரும்பு: 1.4 ÷ 56 = 0.025 மோல்.

எடையில் மயில்துத்தம் மூன்று மடங்குக்கு மேல்; ஆனால் முதலில் தீர்வது அதுதான்! ‘எடை குறைந்ததே கட்டுப்பாட்டுக் காரணி’ என்று பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். கரைசலைப் பார்த்தாலே விடை தெரியும்: நீல நிறம் மறைந்து வெளிர் பச்சையாகிவிடும்.

கிடைக்க வேண்டிய செம்பு 0.02 × 63.5 = 1.27 கிராம். வடிகட்டி, கழுவி, உலர்த்தி நிறுத்தபோது 1.12 கிராம் இருந்தால், விளைச்சல் 1.12 ÷ 1.27 × 100 = 88 சதவீதம். மீதி எங்கே? வடிதாளிலும் குடுவைச் சுவரிலும் ஒட்டியிருக்கும். கழுவிய நீரோடும் கொஞ்சம் போயிருக்கும்.

சில சமயம் 120 சதவீதம் வரும். சந்தோஷப்பட வேண்டாம்! ஒன்று, செம்பு சரியாக உலரவில்லை. அல்லது மீந்துபோன 0.28 கிராம் இரும்பு அதில் கலந்திருக்கிறது. நீர்த்த கந்தக அமிலத்தில் இட்டால் இரும்பு கரையும், செம்பு கரையாது. (மயில்துத்தம் நச்சு, அமிலமோ சுடும். ஆசிரியர் மேற்பார்வையில் ஆய்வுக்கூடத்தில்தான் செய்ய வேண்டும். வீட்டுச் சமையலறையில் கூடவே கூடாது.)

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். மதிப்பெண்ணுக்கு அஞ்சி 88ஐ 99 என்று ரெக்கார்டு நோட்டில் திருத்தி எழுதும் பழக்கத்தை ஊக்குவிக்காதீர்கள். எங்கே இழந்தோம் என்று தேடுவதுதான் பாடமே. மருந்தோ சாயமோ பல படிகளில் தயாராகிறது. படிக்கு 90 சதவீதம் என்றாலும், பத்துப் படி தாண்டினால் மிஞ்சுவது 35 சதவீதம்தான். ஒரு படியில் பொய்க்கணக்கு எழுதினால் குறை எங்கே என்றே தெரியாமல் போகும்.

இத்தகைய தயாரிப்பு முறைகளைச் சீராக்கும் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம் நம் புணேயிலேயே, பாஷாணில் இருக்கிறது. 1950 ஜனவரி 3 அன்று நேரு திறந்துவைத்தது. 1957இல் அதன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்ற கே. வெங்கட்ராமன் சென்னையில் பிறந்தவர். சாய வேதியியலில் உலகப் புகழ் பெற்றவர்.

அந்த வழியில் செல்ல விரும்பும் பிள்ளைக்கு முதல் பாடம் இதுதான்: தராசு காட்டியதை அப்படியே எழுது, பிறகு ஏன் என்று கேள்.