இரைப்பு நோயும் எழுதிவைத்த திட்டமும்

ஜூன் மாதத் தொடக்கத்தில், மிருகசிர கார்த்தி எனத் தெலுங்கர் வழங்கும் நாளில், ஐதராபாத் நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் பெருந்திரள் கூடுவதை அங்கு வாழும் தமிழர் அறிவர். பத்தினி கௌட் குடும்பத்தார் உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மருந்தை வைத்து, ஆஸ்துமா நோயாளிகளுக்கு இலவசமாக அளிக்கின்றனர். இவ்வழக்கம் 1845-ஆம் ஆண்டு முதல் தொடர்வதாக அவர்கள் கூறுவர். மருத்துவ அறிவியல் இதன் பயனை ஏற்கவில்லை. ஆயினும், இரைக்கும் குழந்தையை ஏந்தி அவ்வரிசையில் நிற்கும் தாயின் கவலையை நாம் எள்ளலாகாது. 'இரவில் மூச்சுத் திணறினால் நான் என்ன செய்வேன்?' என்பதே அவள் கேள்வி. அதற்கு விடையாக அமைவதே செயல்திட்டம்.

ஆஸ்துமாவில் மூச்சுக் குழாய்களின் உட்புறம் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்குச் சளிக்காய்ச்சலுடன் வரும் இரைப்பெல்லாம் ஆஸ்துமா அன்று. அதை மருத்துவரே அறுதியிட வேண்டும்.

அவர் எழுதித் தரும் திட்டம் மூன்று நிறங்களை உடையது. பச்சை: குழந்தை நன்கு உறங்கி விளையாடுகிறது, வீக்கத்தைத் தணிக்கும் அன்றாட மருந்தை நிறுத்தலாகாது. மஞ்சள்: இருமல், இரைப்பு, இரவில் விழிப்பு, உடனடி நிவாரண மருந்தைக் குறித்த அளவில் ஸ்பேசர் குழல் வழியாகக் கொடுக்க வேண்டும். சிவப்பு: விலா இடுக்குகள் உள்வாங்குதல், பேச இயலாமை, உதடு நீலம் பாய்தல், நிவாரண மருந்தைக் கொடுத்தவாறே 108-ஐ அழைக்க வேண்டும். அந்த அவசர ஊர்திச் சேவை 2005 ஆகஸ்டு 15 அன்று ஐதராபாத்திலேயே தொடங்கப்பெற்றது.

இத்திட்டத்தை இன்று கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளலாம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதனால் தனிநன்மை உண்டு. பெற்றோர் இருவரும் பணிக்குச் சென்றிருக்க, குழந்தையின் அருகில் இருப்பவர் தமிழ் மட்டும் படிக்கும் பாட்டியாகவோ, தெலுங்கு பேசும் அண்டை வீட்டாராகவோ, பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம். ஒரே திட்டத்தை அவரவர் மொழியில் முன்னரே அனுப்பிவைத்தல் இயலும். மொழிபெயர்ப்பில் மருந்தின் பெயரும் அளவும் பிழையின்றி உள்ளனவா என்பதை மட்டும் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அவர் அளவை மாற்றினால், புதிய திட்டத்தைத் தேதியிட்டு அனைவருக்கும் அனுப்பிப் பழையதை நீக்கச் சொல்ல வேண்டும்.

கைப்பேசியில் மின்னூட்டம் தீரவும் கூடும். ஆகவே அச்சிட்ட படி ஒன்று சமையலறைச் சுவரிலும், மற்றொன்று பள்ளிப் பையில் மருந்துடனும் இருத்தல் நன்று. குழந்தைக்கு மூச்சு முட்டும் வேளையில் பெற்றோர் எங்கிருப்பினும், அருகில் நிற்பவர் செய்யவேண்டியதை அறிந்திருக்க வேண்டும். திட்டத்தின் பயன் அதுவே.