கோபுரத்தின் கோணம் 30 டிகிரி இல்லை

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் கோபுரம், மரம், கலங்கரை விளக்கம் என்று எது வந்தாலும், அதன் உச்சியின் ஏற்றக்கோணம் பெரும்பாலும் 30, 45, 60 டிகிரிகளுள் ஒன்றாகத்தான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலை ராஜகோபுரத்தை நேரில் அளக்கப் போனால் கணக்கு வேறு முகம் காட்டுகிறது. அதன் உயரம் 192 அடி என்பார்கள், சுமார் 58.5 மீட்டர். கோபுர நடுவிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கும் மாணவியின் கண்மட்டம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்று கொண்டால், அவருக்கு உச்சி 29.7 டிகிரியில் தெரிய வேண்டும். அவர் கையிலிருப்பது ஒரு கோணமானி, அதன் விளிம்பில் ஒட்டிய உறிஞ்சுகுழல், நடுப்புள்ளியிலிருந்து தொங்கும் நூல், நூலின் நுனியில் கட்டிய இரும்பு நட்டு. கை நடுங்கும், காற்றில் நூல் ஆடும், ஒரு டிகிரி கூட்டியோ குறைத்தோ படித்துவிடுவார். அந்த ஒரு டிகிரி, விடையில் ஏறத்தாழ 2.3 மீட்டர் வித்தியாசமாக வந்து நிற்கும். கிட்டத்தட்ட ஏழரை அடி.

இதைச் செயல்பாட்டின் குறை என்று ஒதுக்கிவிடக் கூடாது. செயல்பாட்டின் மிகச் செழிப்பான பகுதியே இதுதான். 200 மீட்டர் தள்ளிப் போய் அளந்தால் அதே ஒரு டிகிரிப் பிழை 3.8 மீட்டராகிறது. அப்படியானால் நெருங்கிப் போவதுதான் நல்லதா? 25 மீட்டரில் நின்று அண்ணாந்து பார்த்தால் பிழை 2.7 மீட்டர்; 100 மீட்டரில் இருந்ததைவிடக் கூடுதல். இரண்டுக்கும் நடுவே, சுமார் 57 மீட்டரில், கோணம் 45 டிகிரியாகும் இடத்தில்தான் பிழை ஆகக் குறைந்து 2 மீட்டர் அளவில் நிற்கிறது. ஏன் 45? உயரத்தில் வரும் பிழை, அந்தக் கோணத்தின் சைன் மதிப்பையும் காஸ் மதிப்பையும் பெருக்கி வரும் எண்ணுக்கு எதிர்மாறலில் இருக்கிறது. 15, 30, 45, 60, 75 டிகிரிகளுக்கு அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தால் 0.25, 0.433, 0.5, 0.433, 0.25 என்று ஏறி இறங்கும். வகைநுண்கணிதம் தெரியாத பத்தாம் வகுப்பு மாணவர், எங்கே நிற்பது என்ற கேள்வியின் வழியாக ஒரு சிறும மதிப்பைத் தானே கண்டுபிடிக்கிறார். கரும்பலகையில் கொடுக்கும் கோபுரத்தில் இந்தக் கேள்வி எழவே வழியில்லை. அங்கே எங்கே நிற்பது என்பதை வினாவே தீர்மானித்துவிடுகிறது.

உயர்நிலை வகுப்புகளில் செயல்பாடு வேண்டும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள்: கணிதம் இனிக்கும், பயம் போகும். இரண்டும் நல்லவையே, ஆனால் போதாதவை. தொட்டுப் பார்க்கும் பொருள்கள் தம்மளவில் கணிதத்தைக் கற்றுத் தருவதில்லை. கார்போனோ, மார்லி, செலிக் ஆகியோர் 2013இல் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொருள்களைக் கையாண்டு கற்பதன் பலன் சிறிதிலிருந்து நடுத்தர அளவு வரைதான் தெரிந்தது. அந்தப் பலனும், ஆசிரியர் எவ்வளவு வழிகாட்டினார் என்பது போன்ற சூழலைப் பொறுத்துக் கூடியது, குறைந்தது. பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதாது என்றுதான் இதற்குப் பொருள்.

இன்னும் கூர்மையான சான்று நம் நாட்டுச் சந்தைகளிலிருந்து வந்திருக்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வு ‘நேச்சர்’ இதழில் 2025இல் வெளியானது. கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,436 சிறுவர் சிறுமியரை அவர்கள் ஆராய்ந்தார்கள். பல பொருள்களின் விலையைக் கூட்டி மீதிச் சில்லறை தருவதை மனக்கணக்காகவே செய்த அந்தப் பிள்ளைகள், அதே அளவு கணக்கைப் பள்ளிப் பாணியில் தாளில் கேட்டபோது தடுமாறினார்கள். மறுபக்கம், வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகள் தாளில் தேறினார்கள், சந்தையில் திணறினார்கள். சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகச் செய்த ஒரு கணக்கை, பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவரே செய்தார். தெருவிலிருந்து தாளுக்கோ தாளிலிருந்து தெருவுக்கோ கணிதம் தானாக நடந்து போகாது. இரண்டுக்கும் இடையிலான பாலத்தை யாராவது கட்டித் தர வேண்டும். அதைக் கட்டும் இடமாக இருக்கும்போதுதான் வகுப்பறைச் செயல்பாடு தன் நேரத்துக்குத் தகுதி பெறுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் அந்தப் பாலத்துக்குத் தேவையான பொருள் நூற்பாலைகளில் கிடக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ஆலைகளின் காலத்திலிருந்து நூல் நம்பர் ஊருக்குப் பழக்கமான பேச்சு. 40ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதாவது நம்பர் கூடக் கூட நூல் மெலிகிறது. ஆலைகளின் சோதனைக்கூடத்தில் ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள ராட்டில் 80 சுற்று சுற்றி, அந்த 120 கெஜத்தை எடைபோடுவார்கள். கணக்குப் போட்டால், 64.8ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் நம்பர் கிடைத்துவிடும்: 20ஆம் நம்பருக்கு 3.24 கிராம், 40க்கு 1.62, 80க்கு 0.81. பள்ளி ஆய்வக எடைமானியிலேயே இதைச் செய்யலாம். எடையை ஓர் அச்சிலும் நம்பரை மற்றதிலும் குறித்தால் எதிர்மாறல் வளைவரை வந்துவிடும். அதன்பின் லேபிள் கிழித்த ஒரு நூல்கண்டைக் கொடுத்து நம்பரைச் சொல்லச் சொல்ல வேண்டும். வளைவரையிலிருந்து பொருளுக்குத் திரும்பும் அந்தப் படிதான் முக்கியம். பெரும்பாலான செயல்பாடுகள் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. ஒரே நூல் மழைநாளில் சற்றுக் கனமாக இருப்பதையும் மாணவர் கவனிப்பார். பஞ்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அளவைப் பிழைக்கு எப்போதும் கைத்தவறு காரணமில்லை என்பதை அங்கே கற்கிறார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கமின்ஸ்கி, ஸ்லட்ஸ்கி, ஹெக்லர் மூவரும் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்: அளவுக் குவளை, பீட்சா, டென்னிஸ் பந்து வழியாக ஒரு கணித அமைப்பைக் கற்ற கல்லூரி மாணவர்களைவிட, வெறும் குறியீடுகளால் கற்றவர்களே அதைப் புதிய சூழலில் நன்றாகப் பயன்படுத்தினார்கள். குவளையின் விவரம் மனத்தை ஆக்கிரமித்து, அமைப்பை மறைத்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். பின்னர் பெல்ஜியத்தில் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள், புதிய சூழல் பொருள் சார்ந்ததாக இருந்தால் பொருள்வழி கற்றவர்களே முந்துகிறார்கள் என்று கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது: பொருளோடு நின்றுவிடும் செயல்பாடும் குறியீட்டோடு நின்றுவிடும் பயிற்சியும் ஒரே அளவு குறையுள்ளவை. கோபுரத்தில் கண்ட விதியை நூலிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரின் சக்கரத்திலோ தேட வேண்டாம்; ஆனால் கோபுரப் படத்தை அழித்துவிட்டு முக்கோணத்தை மட்டும் வரைந்து, அதே விதியை எழுத்துகளால் நிறுவும் ஒரு பாடவேளை கட்டாயம் வேண்டும்.

மற்றொரு மறுப்பு பெற்றோரிடமிருந்தும் தலைமையாசிரியர்களிடமிருந்தும் வரும்: பொதுத்தேர்வு. இந்த இரண்டு ஊர்களும் இருக்கும் விருதுநகர் மாவட்டம் தேர்ச்சி விழுக்காட்டில் நீண்ட காலம் மாநிலத்தின் முன்னணியில் இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் பயிற்சி அதைச் சாதித்தது. ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலரைக் கல்லூரிக்கு அனுப்பியது. அந்தப் பயிற்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. கணிதத்தில் கை வேகம் இல்லாமல் எந்தச் செயல்பாடும் எழுந்து நிற்காது. ஆனால் தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் பள்ளி செய்யும். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வு இருக்கிறது. கணிதத்தின் 100 மதிப்பெண்ணும் தாளிலேயே முடிகிறது. மத்திய வாரியப் பள்ளிகளில் கணிதத்தின் 20 அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஆய்வகச் செயல்பாட்டுக்கும் இடம் உண்டு.

புதிய தேர்வு வேண்டாம்; இருக்கும் எட்டு மதிப்பெண் வரைபட வினாவைச் சற்று மாற்றினாலே போதும். வட்டத்தின் விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள தொடர்பை வரையச் சொல்லும் பாடநூல் கணக்கில், 1, 2, 3, 4, 5 செ.மீ. விட்டங்களுக்கு 3.1, 6.2, 9.3, 12.4, 15.5 என்று சுற்றளவு தரப்பட்டிருக்கிறது. நூல் சுற்றி அளந்த எவருக்கும் இவ்வளவு ஒழுங்கான எண்கள் வராது. 3.2, 6.2, 9.5, 11.6, 15.6 என்று கொடுத்து, பொருத்தமான கோட்டை வரையவும், கோட்டைவிட்டு மிகவும் விலகி நிற்கும் அளவு எது, அது கூடுதலாக அளக்கப்பட்டதா குறைவாகவா என்று சொல்லவும் கேட்கலாம். அப்படி ஒரு வினா வரும் என்று தெரிந்தால், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பயிற்சித் தாள்களோடு நூல்கண்டும் அளவுநாடாவும் வகுப்புக்குள் வந்துவிடும்.